இயன்முறை மருத்துவம்: உடலை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை

முழங்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தபின், விறைத்துப்போன மூட்டை எண்ணெய் தேய்த்து நீவி, வலியைப் பொருட்படுத்தாமல் இழுத்து மடக்குவதும், அதனால் தசைக்குள் புதிதாக எலும்பு படிந்து, கை முன்னைவிடக் குறைவாகவே மடங்கும் நிலை வருவதும் தமிழ்நாட்டில் ஓயாமல் நிகழும் கேடுகளுள் ஒன்று. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று மருத்துவர்கள் குறிக்கும் இந்தப் படிவு, முறையற்ற கைகளாலும், அவசரப்படும் குடும்பத்தாரின் வற்புறுத்தலாலும் நேரக்கூடும். இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, மசாஜின் மற்றொரு பெயர் என்ற எண்ணமே இதற்கு வேர்.

பி.பி.டி. பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவர் 4 ஆண்டுப் படிப்பையும் 6 மாதப் பயிற்சிப் பணியையும் முடித்தவர். முதல் நாளில் அவர் கோணமானியை மூட்டின் மேல் வைத்து, கை எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நீள்கிறது என்று அளந்து எழுதுவார்; தசைவலுவைச் சோதிப்பார்; வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுப்பார். மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் முதலிய கருவிகள் துணைக்கு வருபவையே. குணமாக்குவதில் பெரும்பங்கு பயிற்சிக்கு உரியது. அளவெடுக்காமலும் பயிற்சி சொல்லித்தராமலும் நாள்தோறும் கருவியை மட்டும் மாட்டிவிட்டுக் கட்டணம் வாங்கும் இடத்தை விட்டு விலகுவதே நல்லது.

துணைநிலை, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, இயன்முறை மருத்துவர்களின் பெயர்கள் மாநிலப் பேரவையின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்று விதித்தது. சட்டத்தைச் செயல்படுத்த 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது என்பதே அரசுகளின் மெத்தனத்துக்குச் சான்று. ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது. பட்டம் எது, எந்தப் பல்கலைக்கழகம் வழங்கியது, பதிவு எண் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

சிகிச்சையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. நீரிழிவால் உணர்வு குன்றிய காலில் வெந்நீர் ஒத்தடம் தோலைச் சுட்டுவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஷார்ட்வேவ் வெப்பச் சிகிச்சை அவருக்கு ஆபத்தானது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அதை நீவவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டு இருக்கக்கூடும். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ பயிற்சியைத் தேடாமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

வசதியற்றோர்க்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. நடமாட முடியாதவர்க்கு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்ல வேண்டும், அல்லது 104ஐ அழைத்துக் கேட்கலாம்.

தீங்கு நேர்ந்தபின் பலர் செய்யும் பிழை, ஆதாரம் இல்லாமல் புகார் சொல்வது. ஒவ்வொரு முறையும் தேதி, சிகிச்சையின் பெயர், தொகை, கையொப்பம் உள்ள ரசீது வாங்க வேண்டும். கட்டணம் செலுத்தியதை மெய்ப்பிக்க முடியாதவரின் நுகர்வோர் வழக்கு நிற்பது அரிது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அரசு எலும்பு மருத்துவர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். தகுதியற்றவர் சிகிச்சையளித்தால், மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கு மனு எழுதி, நேரில் கொடுத்து நகலில் முத்திரை பெற வேண்டும், அல்லது ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வாய்மொழிப் புகார் அலுவலகக் கோப்பில் ஏறாது. மனு கிடப்பில் போடப்பட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எடுத்த நடவடிக்கை என்னவென்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு: பாதிக்கப்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. ஆனால் தீங்கு நேர்ந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். ரசீதை எறிந்துவிடாதீர்கள், விறைத்த முழங்கையை எவர் சொன்னாலும் இழுக்க விடாதீர்கள்.