மங்கிப்போனது கண்ணா, கண்ணாடித் திரையா?

“ஏம்மா, ஆபரேஷன் பண்ண கண்ணுல மறுபடியும் புரை விழுந்துடுச்சு போலிருக்கு. டி.வி.யில ஆளுங்க மூஞ்சியே தெரியலை” என்றார் என் மாமியார் ஒரு நாள் மாலை.

எனக்குப் பகீரென்றது. புரை எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மறுநாள் காலையிலேயே சமையலை முடித்துவிட்டு, ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறினோம். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை அத்தை படித்துக் காட்டினார். சொட்டு மருந்து விட்டும் பார்த்த டாக்டர், “கண்ணு நல்லாத்தான் இருக்கு. வீட்ல டி.வி. எப்படி இருக்கு, அதைப் பாருங்க” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அட, அவர் சொன்னது சரிதான்! கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் தினமும் பார்க்கிற எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்கள் “சரியா தெரியலை” என்றால் முதலில் காலண்டரையும் பேப்பரையும் காட்டிக் கேளுங்கள். அதுவும் மங்கலாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். டி.வி. மட்டும் மங்கல் என்றால் வியாதி டி.வி.க்கு!

பஜாரில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் ரிமோட்டைக் கேட்டார். “அக்கா, பசங்க எதையாவது அமுக்கி வெச்சிருப்பாங்க. பாதி வீட்ல இதுதான் கதை” என்றார். படத்துக்கான அமைப்பில் ‘பேக்லைட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘பிரைட்னஸ்’ என்பது வேறு. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பைப் போட்டிருந்தாலும் திரை மங்கும். எங்கள் டி.வி.யில் எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்து அறை விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்தார். இருண்டு கிடந்த மூலையில், நிழல் போல ஓர் அம்மாள் நடந்து போவது தெரிந்தது. “படம் இருக்குதுக்கா. விளக்குதான் போச்சு” என்றார்.

இது என்ன விளக்கு என்கிறீர்களா? கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் கட்டுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பல்பு அணைந்தால் நட்சத்திரம் அப்படியேதான் தொங்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எல்.சி.டி. திரையும் தானாக ஒளி விடாது. பின்னால் இருக்கும் விளக்கின் ஒளியில்தான் படம் தெரிகிறது. 2006இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த வண்ண டி.வி.க்களில் இந்த வம்பே இல்லை. அவை படக்குழாய் வைத்தவை. தட்டை டி.வி.க்களில் பழையவற்றில் மெல்லிய குழல் விளக்கும், பிறகு வந்தவற்றில் எல்.இ.டி. பட்டைகளும் இருக்கும். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி, பட்டையில் ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும்.

நோயை அறிகுறி வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். திரையில் ஒரு பகுதி மட்டும் இருட்டு என்றால் ஒரு பட்டை போயிருக்கிறது. வெள்ளை வெள்ளையாக வட்டப் பொட்டுகள் தெரிந்தால், எல்.இ.டி. மேல் ஒட்டிய சின்னக் குமிழ் கழன்று விழுந்திருக்கிறது. படமே நீலம் பூத்தால் விளக்குக்கு வயசாகிவிட்டது. வெள்ளை எல்.இ.டி.க்குள்ளே இருப்பது நீல விளக்குதான்; மேலே உள்ள மஞ்சள் பூச்சு சேர்ந்துதான் அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீல விளக்கை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியாவிட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. தயவுசெய்து பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில உறுப்புகளில் மின்சாரம் தங்கியிருக்கும். கண்ணாடியோ அப்பளம் மாதிரி; தூக்க இரண்டு பேர் வேண்டும். ரிப்பேர்க்காரரிடம் மட்டும் இப்படிச் சொல்லுங்கள்: போன பட்டையை மட்டும் மாற்றாமல், எல்லாப் பட்டைகளையும் சேர்த்து அதே மாடலுக்கு உரியதாகப் போடட்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒளி திட்டுத்திட்டாக இருக்கும். மற்றவையும் அதே வயசுக்காரை கட்டிய சுவர்தானே, அடுத்தடுத்து உதிரும். கூலியும் சாமானும் சேர்ந்து புது டி.வி. விலையில் பாதியைத் தாண்டினால் நான் யோசிப்பேன். சரியான பிறகு பேக்லைட்டை முழுசாக வைக்காமல் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் விளக்கு நெடுநாள் உழைக்கும்.

பழைய குழல் விளக்கில் பாதரசம் உண்டு. அதைக் குப்பையோடு கொட்டக் கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பங்குக்கு இதையும் சேர்ப்பானேன்? மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

டி.வி. பளிச்சென்று ஆனதும் அத்தைக்கு ஒரே உற்சாகம். எனக்குத்தான் ஒரு சந்தேகம் தட்டியது. இத்தனை நாளும் சர்க்கரை பார்க்கும் மெஷினையும் “மங்கலா இருக்கு” என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்? நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 106, 108 என்று அழகழகாக எழுதியிருந்தார். அந்த நம்பர்களை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நானும் தாராளமாகக் கரண்டி போட்டேன்!

மெஷினை ஆன் செய்தேன். ஒரு நொடி 888 என்று எல்லாக் கோடுகளும் வந்து மறையும். நடு எண்ணில் நடுக்கோடு இல்லை! அது போனால் 8 என்பது 0 ஆகிவிடும். 186 என்பது 106 ஆகிவிடும். சில நாள் எண் கோணலாகத் தெரிந்தபோது அத்தை குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்.

இந்த மெஷின்களில் பலவற்றுக்குப் பின்விளக்கே கிடையாது. எண்கள் வெளுத்துத் தெரிந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஆனால் ஒரு கோடு காணாமல் போயிருந்தால் அந்த மெஷினை நம்பவே வேண்டாம். மாத்திரையும் இன்சுலின் அளவும் அந்த எண்ணைப் பார்த்துத்தானே! பி.பி. மெஷினுக்கும் இதே பரீட்சைதான்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்று. மெஷினில் இருக்கும் வட்டப் பேட்டரியைக் கழற்றினால் உடனே எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புது மெஷின் வாங்கிய அன்று அத்தைக்கு 182. நோட்டையும் பழைய மெஷினையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் அந்த மாதக் கணக்கைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.