மரணசாதனம் எழுத எவ்வளவு செலவாகும்?

மரணசாதனம் என்ற சொல்லை வீட்டில் உச்சரிப்பதையே அபசகுனமாகக் கருதும் போக்கு எமது சமூகங்களில் இன்னமும் மாறிவிடவில்லை. பிள்ளையின் திருமணத்துக்கு இலட்சக்கணக்கில் செலவிடத் தயங்காத குடும்பத் தலைவரிடம், உங்களுக்குப் பின்னர் இந்தக் காணி யாருக்கு என்று கேட்டால், அதற்கு இப்போது என்ன அவசரம் என்பதே பதிலாக வருகின்றது. இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டத்தரணியிடம் போனால் எவ்வளவு கேட்பாரோ என்ற அச்சமே அது. இவ்வச்சம் எந்தளவுக்கு நியாயமானது என்பதை இங்கு ஆராய விரும்புகின்றோம்.

முதலில், யாரிடம் செல்வது என்பதிலேயே குழப்பம் இருக்கின்றது. சட்டத்தரணிகள் அனைவரும் நொத்தாரிசுகள் அல்லர். உறுதிகளையும் மரணசாதனங்களையும் அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவருக்கே உரியது. அவ்வனுமதியும் குறிப்பிட்ட நியாயாதிக்கப் பிரதேசத்துக்கும் குறிப்பிட்ட மொழிக்கும் உரியதாகவே வழங்கப்படுகின்றது. தமிழில் எழுத அனுமதி பெற்றவரா என்று கேட்டறிவதில் எவரும் கூச்சப்படத் தேவையில்லை. தாம் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத மொழியிலுள்ள ஆவணத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பின்னர் கலங்கியோர் எம்மிடையே பலர்.

மரணசாதனம் ஒன்று செல்லுபடியாவதற்கு வேண்டியவற்றை 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாத பட்சத்தில் ஐந்து சாட்சிகள் ஒரே வேளையில் உடனிருக்க வேண்டும். இரண்டாவது வழிக்கு ஒரு சதமும் செலவில்லை என்பது உண்மையே. ஆனால் பிற்காலத்தில் எவராவது அதனை நீதிமன்றத்தில் ஆட்சேபித்தால் அந்த ஐந்து பேரையும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். இடம்பெயர்வும் புலம்பெயர்வும் கண்ட எமது ஊர்களில் அது எத்துணை எளிது என்பதை வாசகர்களே அறிவர். எந்த வழியாயினும், சொத்தினால் பயன்பெறப் போகின்றவர் சாட்சியாக நிற்கலாகாது.

மரணசாதனத்துக்குச் சொத்தின் பெறுமதியில் இத்தனை வீதம் என்று முத்திரை வரி அறவிடப்படுவதில்லை. அது எழுதப்படும் நாளில் எந்தச் சொத்தும் கைமாறுவதில்லை என்பதே காரணம். ஆகவே கொடுக்க வேண்டியது நொத்தாரிசின் கட்டணம் மட்டுமே. அது பேச்சில் தீர்மானிக்கப்படும் ஒன்று. ஒரே வீடு, ஒரே உறுதி, இரு பிள்ளைகள் என்றால் வேலை சிறிது. நான்கு மாவட்டங்களில் காணி, பழைய தோம்பிலிருந்து தொடரும் பிரிக்கப்படாத பங்கு, வெளிநாட்டில் வாரிசுகள் என்றால் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் புரட்டித் தேடும் வேலையே பல நாட்களை எடுத்துவிடும். அந்தத் தேடுதலுக்கான கூலியும் பதிவகக் கட்டணமும் தனியானவை. எனவே எவ்வளவு என்று கேட்பதுடன் நின்றுவிடாது, அத்தொகைக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்றும் கேட்டு, பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

உயிருடன் இருக்கும்போதே சீவிய உரித்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுப்பது எம்மவர் பெரிதும் விரும்பும் வழி. இதற்கு வேறு கணக்கு. மாகாணங்களில் நீண்டகாலமாக வழக்கிலுள்ள வீதப்படி, நன்கொடையாயின் முதல் 50,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 2 முத்திரை வரியாகும். 50 இலட்சம் ரூபா பெறுமதியான காணிக்கு இது 100,500 ரூபாவாகின்றது. அதே காணியை விற்பனையாக மாற்றினால் முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 என்ற கணக்கில் 199,000 ரூபா வரும். நொத்தாரிசின் கட்டணம் பெறுமதியின் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை அடிப்படையாக வைத்துப் பேசப்படுவது வழமை. உறுதி எழுதும் முன்னர் நடைமுறையிலுள்ள வீதத்தை மாகாண இறைவரித் திணைக்களத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது நன்று. வரியைக் குறைக்க எண்ணிப் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவோருக்குத் திணைக்களம் பின்னர் மேலதிக வரி விதிப்பதும் உண்டு.

பணச் செலவைவிடப் பெரிய செலவு ஒன்றும் இதில் மறைந்திருக்கின்றது. மரணசாதனத்தை நினைத்தபோது மாற்றி எழுதலாம். நன்கொடை உறுதியை அவ்வாறு செய்ய இயலாது. மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெருநன்றிகேட்டின் அடிப்படையில் இரத்துச் செய்விப்பதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்ட பெற்றோருக்கு எழுபது வயதில் வழக்காடும் வலு எங்கிருந்து வரும்? முஸ்லிம்களைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறானது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாதனமிலா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே கூறப்பட்டிருந்தாலன்றி நன்கொடை அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. ஒரே ஒரு வாசகம் இருப்பதா இல்லையா என்பதே ஒரு குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கின்றது. சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம் இத்தகைய வாசகத்துக்கான விலையேயன்றித் தாளுக்கும் மைக்குமான விலையன்று.

எதையுமே எழுதாதுவிட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொருவருக்கும் அவரவர் சட்டம் பேசும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவர் எனின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து வகை பிரிக்கப்படும். மரணித்தவரின் தேடியதேட்டத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் சேரும். கிழக்கிலும் மலையகத்திலும் வாழும் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி துணைக்குப் பாதியும் பிள்ளைகளுக்குப் பாதியும் உரித்தாகும். முஸ்லிம்களுக்கு அவர்தம் மத்ஹபின் வாரிசுரிமை விதிகள் பொருந்தும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்யலாகாது என்பது மார்க்க விதி. ஆயினும் 1844ஆம் ஆண்டின் மரணசாதனக் கட்டளைச் சட்டம் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு எழுதும் சுதந்திரத்தைச் சகலருக்கும் அளித்திருக்கின்றது. மார்க்கத்தைப் பேண விரும்புவோர் அதற்கு இசைவாகவே எழுதும்படி நொத்தாரிசிடம் தெளிவாகக் கூற வேண்டும்.

பங்கு எதுவென்று சட்டம் கூறிவிட்டாலும், அதனைக் கைக்கொள்வது வேறு விடயம். சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு மேற்பட்ட ஆதனமாயின், மரணசாதனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாவட்ட நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும். சொத்து விபரப் பட்டியல், பெறுமதி மதிப்பீடு, பத்திரிகை அறிவித்தல், தவணைக்குத் தவணை சட்டத்தரணியின் கட்டணம், ஈற்றில் கணக்கறிக்கை எனச் செலவு வளரும். மரணசாதனத்தில் நிறைவேற்றுநர் பெயரிடப்பட்டிருந்து வாரிசுகளும் ஒத்துப்போனால் இது சுருங்கும். எவரும் நியமிக்கப்படாதிருந்தால், ஆதன நிர்வாகி யார் என்பதிலேயே பிணக்குத் தொடங்கிவிடும். பின்னர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பங்கீட்டு வழக்கு. நில அளவையாளர், ஆணை, மேன்முறையீடு என்று தந்தை தொடங்கிய வழக்கை மகன் முடித்துவைப்பது எமது நீதிமன்றங்களில் புதுமையன்று. மரண வரி கடந்த நூற்றாண்டின் எண்பதுகளில் நீக்கப்பட்டது. எனினும் 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டில் நன்கொடை வரியையும் மரபுரிமை வரியையும் கொண்டுவருவதாக உறுதிமொழி அளிக்கப்பட்டிருந்தமையையும் மறந்துவிடலாகாது.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இவையெல்லாவற்றுக்கும் முந்திய தடையொன்று இருக்கின்றது. மரணச் சான்றிதழ் இன்றி வழியுரிமை மனு நகராது. அதனைப் பெறுவதோ நம்பிக்கையைக் கைவிடுவதற்கு ஒப்பானது. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஏற்படுத்திய காணாமற்போனமைக்கான சான்றிதழ், மரணத்தை ஏற்றுக்கொள்ளாமலே சொத்தைப் பராமரிக்க ஓரளவு வழி தருகின்றது. இதனை அறியாத தாய்மாரும் மனைவிமாரும் இன்னமும் இருக்கின்றனர்.

செலவேயில்லாத, ஆயினும் பலர் செய்யாதுவிடும் காரியங்களும் உண்டு. வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திர அல்லது அளிப்புப்பத்திரக் காணிகளே. இவற்றை மரணசாதனத்தால் கொடுக்க இயலாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். இவ்வாறே வங்கிக் கணக்குக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் நியமனதாரரின் பெயரை ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்தாலே போதும். பல ஆண்டுகளுக்கு முன் தாயின் பெயரை எழுதிவிட்டுத் திருமணத்தின் பின்னர் அதனை மாற்ற மறந்துவிட்டோர் ஏராளம்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட்டோம், இனிப் பயமில்லை என்று எண்ணுவோரும் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் மரணித்த கணத்திலேயே அத்தத்துவம் முடிவடைந்துவிடுகின்றது. அதன் பின்னர் அதனைக் காட்டி எழுதப்படும் உறுதி வழக்குக்கே வழிவகுக்கும்.

கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. சட்டத்தரணியிடம் செல்லுமுன்னர் உறுதிகளின் பிரதிகள், நில அளவை வரைபடங்கள், பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், ஆதன வரிப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் திரட்டிக்கொண்டால் அவரது நேரமும் எமது பணமும் மிச்சமாகும். போதிய வருமானமற்றோர், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை முதலில் நாடலாம். மாவட்ட நீதிமன்றங்கள் உள்ள நகரங்கள் பலவற்றில் அதன் கிளைகள் இயங்குகின்றன.