கொழுந்துச் சுற்றும் கூட்டு வேலையும்

மென்பொருள் குழுக்களுக்கு 'அஜைல்' என்னும் வேலைமுறையைக் கற்பித்து வருகிறேன். பாலக்காடு, சித்தூர், தேவிகுளம், பீருமேடு பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இத்தொழிலுக்கு வந்துவிட்டதால், "இது என்ன புது வேலைமுறை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இச்சிறு விளக்கம்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கேற்ப வளைந்துகொடுப்பதும், கட்டுக்கட்டான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளும் மேலானவை என்பது அதன் சாரம். இம்முறையைப் பின்பற்றும் குழுக்கள் பல, வேலையை ஒரு மாதத்துக்கு மிகாத சிறு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கின்றன. நாள்தோறும் கால் மணி நேரம் கூடிப் பேசுகின்றன. சுற்று முடிந்ததும் நிறைகுறைகளை அலசுகின்றன.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுந்து எடுப்பதும் சுற்றுமுறைதான். பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் இலை முற்றித் தூளின் தரம் கெடும். மென்பொருளும் அப்படியே. பயன்படுத்துவோரிடம் காட்டாமல் ஆறு மாதம் வைத்திருந்தால், பிழைகளும் முற்றிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எடை ஒன்றையே பார்த்தால் முற்றிய இலையும் கூடையில் ஏறிவிடும். ஒரு சுற்றில் எத்தனை 'புள்ளி' வேலை முடிந்தது என்பதை மட்டும் மேலாளர் கேட்டால், புள்ளி பெருகும், தரம் குறையும். நாள்தோறும் கூடுவது குழுவினர் ஒருவருக்கொருவர் உதவுவதற்காக. அது கங்காணி ஆள் கணக்கெடுப்பதுபோல் ஆகிவிட்டால், மறுநாளே எல்லாரும் தடையை மறைத்து, "எல்லாம் நன்றாக நடக்கிறது" என்பார்கள். பயிற்சி வகுப்புகளில் நான் மிகுதியாகக் காண்பது இந்த நோயைத்தான்.

கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இன்னொரு பாடம். அதன் அயல்கூட்டங்களில் பொதுவாக 10 முதல் 20 பெண்கள். வாரந்தோறும் உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூடி, சேமிப்பையும் கடனையும் எல்லார் முன்னிலையிலும் பார்க்கிறார்கள். குழு சிறிது, கணக்கு வெளிப்படை. நம்பிக்கை வளர இவ்விரண்டும் போதும்.

2015 செப்டம்பரில் மூணாற்றில், பெரும்பாலும் தமிழரான தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டார்கள். போனஸ் குறைந்ததை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துச் சாலையில் அமர்ந்து, 20 சதவீதத்துக்கு உடன்பாடு கண்டார்கள். தங்களுக்காகப் பிறர் பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வேலையை அறிந்தவர்களே வேலையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அஜைலின் உயிர்நாடி. பின்னர் தலைமைக்குள் பிளவு ஏற்பட்டு அவ்வியக்கம் தளர்ந்தது. ஒருமுறை சேர்ந்து வெல்வது வேறு. சேர்ந்தே நீடிப்பது வேறு. பின்னதற்கு, வென்ற பிறகும் உட்கார்ந்து குறைகளை மனம்விட்டுப் பேசும் வழக்கம் வேண்டும்.

ஆகவே, இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுபவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்லும் தடையை அன்றே நீக்க முயலுங்கள். மற்ற விதிகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.