நீட்டித்த வாரண்டியை மறுத்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள்

துவாஸ் தங்குவிடுதி அறைகளில் உள்ள தொலைக்காட்சி பெரும்பாலும் ஒருவர் காசில் வந்ததாக இருக்காது. அறையிலுள்ளவர்கள் பங்கு போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் துவாஸ் லிங்க்கில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்காவில் இறங்கி, நாலு கடை ஏறி விலை பேசி வாங்கி வருவார்கள். பணம் கட்டும் நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா அஞ்சு வருஷ வாரண்டி, எல்லாமே கவர் ஆயிடும், போட்டுரலாமாண்ணே?" சரி என்பார்கள். மூன்றாம் ஆண்டில் திரையில் கோடு விழும், அல்லது சத்தம் மட்டும் வந்து படம் இருண்டுபோகும். தாளில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டால், "இது வாரண்டியில் வராது" என்று பதில் வரும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைப்பவருக்கு அலைய நேரமில்லை என்பதை அந்த மறுமுனையும் அறிந்தே வைத்திருக்கிறது. அலையாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் யாரோடு ஒப்பந்தம் செய்தீர்கள் என்று பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டி விலைக்குள்ளேயே அடங்கியது. நீட்டித்த வாரண்டி தனியாகக் காசு கட்டி வாங்கிய இன்னொரு ஒப்பந்தம். அதைக் கடையே தரலாம், தயாரிப்பு நிறுவனம் தரலாம், நீங்கள் பெயரே கேள்விப்படாத மூன்றாவது நிறுவனமும் தரலாம். ரசீதிலும் வாரண்டிச் சான்றிதழிலும் உள்ள நிறுவனப் பெயரையும், யூஇஎன் எனப்படும் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் ரசீதில் வேறு பெயரும் இருப்பது சாதாரணம். வழக்குப் போடும்போது ரசீதில் உள்ள பெயர்தான் தேவைப்படும்.

அடுத்து நிபந்தனைகள். மறுப்புகள் பெரும்பாலும் சில இடங்களிலிருந்தே வருகின்றன: வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்யவில்லை, அங்கீகாரம் இல்லாதவர் திறந்து பார்த்திருக்கிறார், ஈரம் புகுந்திருக்கிறது, பல்லியோ பூச்சியோ உள்ளே போயிருக்கிறது, மின் அழுத்தம் எகிறியிருக்கிறது, திரையில் அடிபட்டிருக்கிறது. துவாஸ்வாசிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரி. தங்குவிடுதியின் பொதுக்கூடத்திலோ உணவகத்திலோ மாட்டிய தொலைக்காட்சியை வணிக உபயோகம் என்று சொல்லித் தள்ளிவிட இந்த வரி இடம் கொடுக்கிறது. வாங்கும்போதே, "டார்மிட்டரி அறையில் வைக்கப் போகிறோம், பரவாயில்லையா?" என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் அந்தக் கூடுதல் வாரண்டிக்குக் காசு கட்டாதீர்கள்.

ஏற்கெனவே பழுதாகிவிட்டதா? தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோகாதீர்கள். பழுதை வீடியோ எடுங்கள். பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள மாடல் எண், சீரியல் எண், ரசீது, சான்றிதழ் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். வெயிலில் எழுத்து மங்கிப்போகும் ரசீதுத் தாளை வாங்கிய அன்றே படமெடுத்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு போனில் பேசுவதோடு நிற்காமல் மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள்: வாங்கிய தேதி, பழுது தெரிந்த தேதி, என்ன பழுது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளில் பதில் வேண்டும். மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஈரம் என்றால் டெக்னீஷியனின் அறிக்கையும் படமும் கேளுங்கள். பல மறுப்புகள் இந்தக் கேள்வியிலேயே தளர்ந்துவிடும், ஏனென்றால் வாயால் சொன்ன காரணத்தை எழுதித்தர ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

நீட்டித்த வாரண்டி இல்லாவிட்டாலும் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 'லெமன் லா' என்று சொல்லப்படும் விதிகள் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த பழுது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. அவர் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும், அல்லது மாற்றித்தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். "கம்பெனியிடம் போய்ப் பாருங்கள்" என்று கடைக்காரர் நழுவ முடியாது. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் வந்துவிடும். மூன்றாம் ஆண்டுப் பழுதுக்கு, காசு கட்டி வாங்கிய அந்த ஒப்பந்தமே உங்கள் முதல் பிடி. அதோடு, "எல்லாமே கவர் ஆயிடும்" என்று பொய் சொல்லி விற்றது பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தின் கீழ் நியாயமற்ற நடைமுறை.

பிரிட்டனில் 2005 முதல், மின்சாதனங்களுக்கு நீட்டித்த வாரண்டி வாங்கியவர் 45 நாளுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் பெறலாம். இங்கே கடைக்குள் வாங்கியதற்கு அப்படிச் சட்டம் தரும் அவகாசம் இல்லை. எனவே யோசிக்கும் நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

பேசிப் பயனில்லை என்றால் 1971 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம். அது உங்களுக்காகப் பேசும், சமரசத்துக்கு அழைக்கும். கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை.

அந்த அதிகாரம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு உண்டு. 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. பெரிய நிறுவனமும் நீங்களும் அங்கே சமமாக உட்கார வேண்டும் என்பது இந்த மன்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவரும் சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே, தங்குவிடுதிப் படுக்கையில் இருந்தபடி, தாக்கல் செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காலக்கெடு இரண்டு ஆண்டு. வாரண்டியை மறுத்ததற்கான வழக்கில் மறுத்த நாளும், பொருளே ஆரம்பத்தில் பழுது என்ற வழக்கில் பொருள் கைக்கு வந்த நாளும் கணக்கின் தொடக்கம். மறுப்பைத் தேதியோடு எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மன்றத்தின் தீர்ப்பு கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க முடியாதபடி ஒரு கடை நடந்துகொண்டதும் உண்டு. 2014இல், தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில், மொபைல் ஏர் என்ற கடை கைபேசி விற்றுவிட்டு வாரண்டிக்கென்று தனியே பெருந்தொகை கேட்டது. ஒரு பெண்மணிக்கு 1,010 வெள்ளி திருப்பித் தர வேண்டி வந்தபோது, அதைச் சில்லறைக் காசாகக் கொட்டிக் கொடுத்தது. 950 வெள்ளி கொடுத்த சுற்றுலாப் பயணி ஒருவரிடம் மேலும் 1,500 கேட்டது. ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் கையெழுத்திட்ட அவர் மண்டியிட்டுக் கெஞ்சிய காட்சி நாடெங்கும் பரவியது. 2015 நவம்பரில் கடை உரிமையாளருக்கு 33 மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. 2018 முதல், தொடர்ந்து ஏமாற்றும் கடைகளை விசாரித்து நீதிமன்றத் தடை கோரும் பொறுப்பு போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் உள்ளது. மொழி தெரியாதவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கக்கூடியதே. புரியாத தாளைப் படமெடுத்து, படிக்கத் தெரிந்த நண்பருக்கு அனுப்பி, பதில் வரும்வரை கடையில் நில்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள்.

பங்கு போட்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரண்டி ஒருவர் பெயரில் இருக்கும், அவர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விடுவார். மீதிப் பேர் கோரும்போது, பெயர் பொருந்தவில்லை என்று நிறுவனம் தள்ளிவிடும். விமான டிக்கெட் எடுத்ததுமே வாரண்டி நிறுவனத்துக்கு எழுதி, அறையில் தொடர்ந்து இருக்கப்போகும் ஒருவர் பெயருக்கு மாற்றிக் கேளுங்கள். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். மாற்றியதற்கான மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகு அதையும் ரசீதின் படத்தையும் அறை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள்.