ரங்கூன் பேரேடும் ஷார்ஜா கடையும்

சென்ற ஆண்டு இங்கே கல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், நம் சங்க அன்பர் ஒருவரின் மகன் என் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், சுறுசுறுப்பானவன். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டான். "அங்கிள், ஷார்ஜாவுல இட்லி மாவும் பலகாரமும் விக்கிற கடை போடப் போறேன். வீட்டை அடமானம் வெச்சு லோன் எடுக்கலாம்னு அப்பா சொல்றார். நீங்க பேங்க்ல இருந்தவர், என்ன சொல்றீங்க?" என்றான்.

முப்பது வருஷம் பிறத்தியார் கணக்கைப் பார்த்தே காலம் கழித்தவன் நான். ஆனால் அன்று எனக்கு ஞாபகம் வந்தது வங்கி அல்ல, எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு தகரப் பெட்டி. அதில் எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், பர்மாவில் எழுதிய பேரேடு ஒன்று இருக்கிறது. அந்நிய நாட்டில் தொழில் தொடங்கி வளர்ப்பதைப் பற்றி நம்மவர்கள் படித்த பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். அந்தப் பையனுக்குச் சொன்னதையே சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

பழகிவிட்டுப் போனார்கள்

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் விளைவித்தால் உலகச் சந்தையில் விற்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் காடு திருத்தும் உழவனுக்குக் கைமுதல் வேண்டுமே! ஐரோப்பிய வங்கிகள் அவனை வாசற்படி ஏற்றாது. அந்த இடைவெளியில்தான் நாட்டுக்கோட்டை நகரத்தார் கடை விரித்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையன் சிறு வயதிலேயே வேலையில் சேர்ந்து, எடுபிடியாக இருந்து, மனக்கணக்காக வட்டி போடக் கற்று, படிப்படியாக மேலே வருவான். எங்கள் ஐயாவும் அப்படி வந்தவர்தான். ஏஜெண்டாக உட்காருவதற்கு முன் இரண்டு தடவை கப்பலேறி, இன்னொருவர் கடையில் வேலை பார்த்திருக்கிறார்.

ஏஜெண்டின் தவணை பொதுவாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வரும், லாபத்தில் பங்கும் உண்டு. தவணை முடிந்ததும் புது ஆளிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஊருக்கு ஐந்தொகை தவறாமல் போய்ச் சேர வேண்டும். ஐந்தொகை என்றால் இன்று நாம் பாலன்ஸ் ஷீட் என்கிறோமே, அதுதான்.

தனியாக நிற்கவில்லை

ரங்கூனில் மொகல் தெருதான் அவர்களுக்குத் தலைமையிடம். ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் நடப்பு வட்டி எவ்வளவு என்பதைக் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். ஒரு கடைக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் அடுத்த கடை கொடுக்கும். யார் நாணயமானவர், யார் கைமீறிப் போகிறார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். மகமை என்று ஒரு தொகை கோயிலுக்கும் தர்மத்துக்கும் போகும். மூலதனம் குறைந்தவனுக்கு அந்தத் தெருவில் கிடைத்த நல்ல பெயரே பாதி மூலதனம்.

காலத்துக்கேற்ப மாறியவர்களும் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கினார்.

எங்கே தவறியது?

இவ்வளவு கட்டுக்கோப்பான தொழில் ஏன் சரிந்தது? "ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது பாதிக் கதைதான்.

1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய உழவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. செட்டியார்களுக்கு வேண்டியது பணம், நிலம் அல்ல. ஆனால் பணம் வராதபோது ஈடாக வைத்த நிலம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அதுவே ஏறத்தாழ 25 பங்கு! காடு வெட்டி வயலாக்கியவன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றான். அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? 1930-இலும் 1938-இலும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கசப்பும் அவற்றுள் ஒன்று.

எங்கள் ஐயாவின் பேரேட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பில் ஒரு பர்மியப் பெயர் இருக்கிறது. பற்று, வரவு, வட்டி, வட்டிக்கு வட்டி என்று இறங்கி வந்து, கடைசி வரியில் "நிலம் எழுதி வாங்கியது" என்று முடிகிறது. சிறு வயதில் அதைப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு சொத்து இருந்ததாகப் பெருமைப்பட்டேன். வங்கியில் சேர்ந்து, கடன் கட்ட முடியாதவர்களின் முகங்களைப் பார்த்த பிறகு, அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்குகிறது.

லாபத்தையும் ஐயா அங்கேயே திரும்பப் போட்டார். ஊரில் இருந்த சொற்பத்தையும் வரவழைத்துப் போட்டார். 1942-இல் எல்லோரும் ஓடி வந்தபோது தாமு, மணிப்பூர் வழியாக நடந்து, திமாப்பூரில் ரயிலேறி, இந்தக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கையில் இருந்தது இந்தப் பேரேடு ஒன்றுதான். தெரிந்தவர் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார். நாங்கள் கல்கத்தாக்காரர்கள் ஆனது அப்படித்தான். 1948-இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. அதோடு அந்தப் பத்திரங்கள் வெறும் காகிதமாயின. "நிலம் கிடக்கட்டும், அப்பத்தா கழுத்துல இருந்ததையாவது விட்டு வெச்சிருக்கலாம்" என்று அப்பச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்று போகிறவர்களுக்கு

இதையெல்லாம் சொன்னதும் பையன், "அது அந்தக் காலம் அங்கிள்" என்றான். வாஸ்தவம். ஆனால் கணக்கு மாறவில்லை. அவனுக்கு நான் சொன்னவை இவை:

முதலாவது, சட்டம். அமீரகத்தில் முன்பு சுதந்திர வர்த்தக மண்டலத்துக்கு வெளியே கம்பெனி தொடங்க, 51 சதவீதப் பங்கு உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க வேண்டும். 2021 முதல் பெரும்பாலான தொழில்களில் முழு உரிமையும் நம் பெயரிலேயே இருக்கலாம். மண்டலத்து லைசென்ஸ் மலிவாகத் தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊருக்குள் சில்லறைக் கடை திறக்க முடியாது. வாட் வரி 5 சதவீதம். ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் பதிவு கட்டாயம். லாபம் அதே தொகையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 9 சதவீத நிறுவன வரி என்ற விதி 2023-இல் வந்தது. சிறு கடைகளுக்கு என்ன சலுகை உண்டு என்பதை அங்குள்ள கணக்கரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடை வாடகைக்குத் தேதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே கொடுப்பது அங்கே வழக்கம். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தத் தேதி வந்துவிடும்.

இரண்டாவது, பணம். இந்தியாவில் குடியிருப்பவர் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அப்படி முதலீடாக அனுப்புவதற்கு இங்குள்ள வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, வீட்டை வைத்துக் கடன் வாங்கி அனுப்பும் யோசனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. வேறு காரணம் எழுதிக் கடன் வாங்கினால் அது பொய்க்கணக்கு. பொய்க்கணக்கில் தொடங்கும் கடை நிலைக்காது.

மூன்றாவது, பழக்கம். முதலில் அங்கே ஒருவர் கடையில் ஒரு வருஷமாவது பெட்டியடிப் பையனாக இரு. எந்த மாதம் கூட்டம் குறையும், எந்தச் சரக்கு தங்கும் என்பதெல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நான்காவது, மனிதர்கள். நம்மவர்களுக்கு மட்டும் விற்று நம்மவர்களோடு மட்டும் பழகினால், நாளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது பக்கத்துக் கடைக்காரன்கூட எட்டிப் பார்க்க மாட்டான். அந்த மண்ணுக்கும் நம்மால் ஒரு நன்மை இருக்க வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே. குடியிருக்கும் வீடு மூலதனம் அல்ல. தோற்றுத் திரும்பினால் வந்து படுக்க ஒரு திண்ணை வேண்டும்.

பையன் பதில் பேசாமல் பேரேட்டைக் கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தான். "இந்தப் பர்மாக்காரர் அப்புறம் என்ன ஆனார், அங்கிள்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

இப்போது அவன் ஷார்ஜாவில்தான் இருக்கிறான், ஒரு மலையாளத்து அன்பரின் கடையில் சம்பளத்துக்கு. வீட்டுப் பத்திரம் அவன் அப்பாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே பார்த்த வரவு செலவை எழுதி எனக்கு அனுப்புகிறான். போன மாதம் அனுப்பியதில் அரிசி விலைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: "அரபி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கேன் அங்கிள்." ஐந்தொகை சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் எழுதினேன்.