இணைய நடுநிலைமையும் ஒரு சொல்லின் பொருளும்: அமெரிக்க வழக்குகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

இணையத்தின்வழி அனுப்பப்படும் எதுவும், அது மடலாயினும் படமாயினும் குரலாயினும், சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டே பயணம் செய்கிறது. அப்பொட்டலங்களைப் பயனரின் இல்லம்வரை கொண்டு சேர்ப்பவர் இணையச் சேவை வழங்குநர். அவர் எப்பொட்டலம் யாருடையது எனப் பாராது அனைத்தையும் ஒரே தன்மையில் கடத்த வேண்டும். ஒன்றைத் தடுப்பதோ, மற்றொன்றைத் தாமதிப்பதோ, பணம் பெற்றுக்கொண்டு இன்னொன்றை முந்தவிடுவதோ கூடாது என்பதே இணைய நடுநிலைமை என்னும் கோட்பாடு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் எழுதிய கட்டுரையொன்றின்வழி இப்பெயர் பரவலாயிற்று.

தமிழில் இக்கலைச்சொல்லை ஆளும்போது ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் பேசும் நடுவு நிலைமை, எடைபோட்டபின் ஒருபால் கோடாத சான்றோரின் பண்பு. இணைய நடுநிலைமையோ, வழங்குநர் தராசைக் கையில் எடுத்தலே ஆகாது என்கிறது. வகுப்பில் இச்சொல்லை விளக்க நேரும் ஆசிரியர்களுக்கு இது பயன்படக்கூடும்.

இக்கோட்பாட்டின் நன்மை தீமை பற்றிய வாதம் பலரும் அறிந்ததே. நாம் ஈண்டுக் காண முற்படுவது வேறொன்று. அமெரிக்காவில் இவ்விதிகள் இருபதாண்டுகளாக எழுந்தும் வீழ்ந்தும் வந்தமைக்குத் தொழில்நுட்பமோ பொருளியலோ முதற்காரணம் அன்று. சட்டத்திலுள்ள ஒரு வரையறைக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு உண்டு என்பதே முதற்காரணம் என்பது எம் கருத்து.

சட்டம் வகுத்த இரு பெயர்கள்

அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம், தொலைபேசி நிறுவனங்களைப் பொது ஏற்றுநர்களாகக் கருதியது. புகைவண்டி நிறுவனம் தனக்குப் பிடித்த வணிகரின் மூட்டையை மட்டும் ஏற்றிச் செல்ல இயலாது என்பது எத்தகைய கடமையோ, அத்தகைய கடமை தொலைபேசிக்கும் உரியதாயிற்று. 1996-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டு வரையறைகள் இடம்பெற்றன. பயனர் தேர்ந்த தகவலை, அதன் வடிவிலோ உள்ளடக்கத்திலோ மாற்றம் செய்யாமல், கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் கடத்திக் கொடுப்பது தொலைத்தொடர்புச் சேவை. தகவலை உருவாக்கவும் சேமிக்கவும் மாற்றவும் மீட்டெடுக்கவும் வசதி தருவது தகவல் சேவை. முன்னதற்குப் பொது ஏற்றுநரின் கடமைகள் உண்டு; பின்னதற்கு அவை இல்லை.

அகலப்பட்டை இணைய இணைப்பு இவ்விரண்டனுள் எது? 1996-இல் இவ்வினா பெரிதாக எழவில்லை. அன்று பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பியின் வழியே எண்ணைச் சுழற்றி இணையத்தை அடைந்தனர். கம்பி ஒரு நிறுவனத்துடையது. இணையச் சேவை பெரும்பாலும் வேறொன்றுடையது. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் இரண்டையும் ஒருங்கே விற்கத் தொடங்கியபோதுதான் எல்லைக்கோடு மங்கியது. கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் 2002-இல் அதனைத் தகவல் சேவை என வகைப்படுத்தியது.

இவ்வழக்கு 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. பிராண்ட் எக்ஸ் வழக்கு என அறியப்படும் இதனை உரைமரபில் தோய்ந்தவர்கள் படித்தால் சுவைப்பர். வாதம் முழுவதும் 'அளித்தல்' என்னும் ஒரு வினையின் பொருளைச் சுற்றியே நிகழ்ந்தது. கேபிள் நிறுவனம் தகவல் கடத்தலை 'அளிக்கிறதா', அன்றி இணைய வசதி என்னும் ஒன்றை 'அளிக்கையில்' கடத்தல் அதனுள் அடங்கிவிடுகிறதா? கார் விற்பவர் காரை அளிக்கிறார் என்போமேயன்றி, அதன் இயந்திரத்தைத் தனியே அளிக்கிறார் என்பதில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி ஸ்காலியா மறுத்தார். பீட்சாவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கடைக்காரர், தாம் கொண்டுவந்து தரும் சேவையை அளிக்கவில்லை, பீட்சாவை மட்டுமே அளிக்கிறோம் என்றால் யார் ஏற்பர் என்பது அவர் வினா. ஒரே நூற்பாவின் ஒரே சொல்லுக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் வெவ்வேறு பொருள் காணும் இடங்களைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக ஆணையம் வென்றது. ஆயினும் ஆணையம் கொண்ட பொருளே சிறந்த பொருள் என நீதிமன்றம் கூறவில்லை. சொல் ஐயத்திற்கிடமானது, ஆகவே ஆணையத்தின் பொருள் ஏற்கத்தக்கதாயின் போதும் என்றது. செவ்ரான் வழக்கில் 1984-இல் வகுக்கப்பட்ட நெறி இது. ஆணையம் நாளை வேறு பொருள் கொண்டாலும் அதுவும் செல்லும் என்பது இதன் உட்கிடை. பின்வந்த ஊசலாட்டம் அனைத்திற்கும் வித்து இங்கேதான் இடப்பட்டது.

ஆணையத்தின் ஊசலாட்டம்

காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் முறையில் கோப்புப் பகிர்வோரின் இணைப்புகளில் தலையிட்டது 2007-இல் வெளிப்பட்டது. மறுமுனை துண்டித்துக்கொண்டது போன்ற போலிக் குறிப்புகளை அந்நிறுவனமே இடையில் புகுத்தியது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதனைச் சோதித்தறிய, காப்புரிமைச் சிக்கலற்ற விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்றையே பகிர்ந்து பார்த்தது, அதுவும் தடைப்பட்டது! ஆணையம் 2008-இல் காம்காஸ்டைக் கண்டித்தது. தகவல் சேவை எனத் தானே பெயரிட்டதன்மீது இவ்வதிகாரம் ஏது எனக் கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் அக்கண்டனத்தை நீக்கியது. அவ்வாண்டின் இறுதியில் ஆணையம் விதிகளையே இயற்றியது. அவற்றுள் தடைசெய்தலையும் பாகுபாட்டையும் விலக்கும் விதிகள் 2014-இல் அதே காரணத்தால் வீழ்ந்தன.

எனவே 2015-இல் ஆணையம் பெயரையே மாற்றியது. அகலப்பட்டை தொலைத்தொடர்புச் சேவை ஆயிற்று. 2016-இல் நீதிமன்றமும் ஏற்றது. ஆட்சி மாறியதும் 2017 டிசம்பரில் அது மீண்டும் தகவல் சேவை ஆயிற்று. 2024 ஏப்ரலில் திரும்பவும் தொலைத்தொடர்புச் சேவை. மூன்று முறையும் வாக்கு மூன்றுக்கு இரண்டு. மூன்று முறையும் அவ்வெண் கட்சிவாரியாகப் பிரிந்தது. கம்பியும் பொட்டலமும் மாறவில்லை.

மக்கள் கருத்தைக் கேட்டறிந்தும் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. 2017-இல் ஆணையத்திற்கு வந்த கருத்துரைகள் இரண்டு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேல். அவற்றுள் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் போலியானவை என நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கண்டது. போலிகள் இருதரப்பிலும் இருந்தன.

விதிகளை எதிர்ப்போர் கூற்றையும் புறந்தள்ளுதல் முறையன்று. மடல் சில நொடிகள் தாமதித்தால் இழப்பில்லை. உரையாடும் குரல் தாமதித்தால் பயனே இல்லை. எல்லாப் பொட்டலங்களையும் ஒன்றெனவே நடத்துதல் பொறியியலுக்கு ஒவ்வாது என்பர். 2015-ஆம் ஆண்டு விதிகளும் நியாயமான வலைப்பின்னல் மேலாண்மைக்கு இடம் தந்தமையால் இவ்வாதம் பெரிதும் வலுவிழக்கிறது. கம்பி பதிக்கப் பெரும் முதலீடு வேண்டும், கடுமையான விதி அதனைக் குறைக்கும் என்னும் வாதம் இதனினும் கனமானது. அன்றியும், 2017-க்குப்பின் பலர் அஞ்சியவாறு இணையம் பெரிதாகக் கூறுபட்டுவிடவில்லை. ஆனால் அக்காலத்தில் சில மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தமையால், விதியின்மையின் விளைவை இதனைக்கொண்டு அளத்தல் அரிது.

தீர்ப்பும் பின்னும்

உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் லோப்பர் பிரைட் வழக்கில் செவ்ரான் நெறியைக் கைவிட்டது. ஐயத்திற்கிடமான சொல்லுக்கும் பொருள் காண்பது நீதிபதியின் கடனே என்றது. அதன்வழி நின்று, ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரி 2-ஆம் நாள், அகலப்பட்டை தகவல் சேவையே எனத் தீர்ப்பளித்து 2024-ஆம் ஆண்டு விதிகளை நீக்கியது. இனி ஆட்சி மாறினாலும் ஆணையம் தானாகப் பெயரை மாற்றுதல் எளிதன்று. நாடாளுமன்றம் 1996-இல் எழுதிய சொற்களை அதுவே திருத்தினாலன்றி, இவ்விதிகளுக்குக் கூட்டரசு அளவில் உறுதியான அடித்தளம் கிடைப்பது அரிது.

இந்தியா இச்சொற்சிக்கலில் நுழையாமலேயே சென்றது. பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தர முன்வந்தபோது, இணைப்பு எவ்வகைச் சேவை என்னும் வினாவை விடுத்து, உள்ளடக்கத்திற்கேற்பக் கட்டணம் வேறுபடலாமா என்பதையே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வினவியது. 2016 பிப்ரவரியில் அத்தகைய வேறுபாட்டைத் தடை செய்தது.

அமெரிக்காவிலேயும் இதனையொத்த வழி ஒன்று உண்டு. கலிபோர்னியா 2018-இல் தன் சட்டமன்றத்தின் வாயிலாகவே நடுநிலைமைச் சட்டம் இயற்றியது. ஆணையத்தின் உரையை நம்பி நில்லாத சட்டம் அது. சேவை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தைத் தடைசெய்ய மறுத்தது. அவ்வாண்டிலேயே நிறுவனங்கள் வழக்கைக் கைவிட்டன. அதற்கு முன்பே, 2021-இல், ஏடி அண்ட் டி நிறுவனம் குறிப்பிட்ட சில உள்ளடக்கங்களைத் தரவுக் கணக்கில் சேர்க்காமல் விடும் திட்டத்தைக் கலிபோர்னியாவில் மட்டுமன்றி நாடு முழுவதும் நிறுத்திக்கொண்டது. இணையம் மாநில எல்லைகளை அறியாது என்பது அந்நிறுவனம் கூறிய காரணம்.