பேச்சோடு பேச்சாக ஒரு யுத்த சரித்திரம்

பிரிட்டனில் ரயில் அபிமானிகள் என்று ஒரு பெருங்கூட்டம் உண்டு. பள்ளி ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் வைத்தியரும் பட்டறைத் தொழிலாளியும் பேதமின்றிக் கலந்து பழகும் இக்கூட்டத்தார், லாபமில்லை என்று கைவிடப்பட்ட கிளைப் பாதைகளைத் தம் சொந்தப் பணத்தாலும் சரீர உழைப்பாலும் மீட்டு, துருவேறிக் கிடந்த நீராவி எஞ்சின்களைப் பழுது பார்த்து, அவற்றின் வயிற்றில் மறுபடியும் நெருப்பு மூட்டி ஓட்டி வருகிறார்கள். வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில் பாதையை 1951-இல் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியது இவ்வகை முயற்சிகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று. காலை முதல் கரியிலும் எண்ணெயிலும் புரண்டுவிட்டு, லோகோ ஷெட்டின் ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு இவர்கள் உட்காரும்போது நடக்கும் சம்பாஷணைக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. பாய்லரின் அழுத்தத்தில் தொடங்கிய பேச்சு, அந்த எஞ்சினை ஓட்டிய ஒரு டிரைவரின் குணவிசேஷங்களுக்குப் போய், அவருடைய தோட்டத்துத் தக்காளியைத் தொட்டு, யுத்த காலத்தில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை அளந்து கொடுத்த ரேஷன் கடையில் வந்து நிற்கும்.

வழியோடு கேட்டுப் போகிறவர் இதை வெட்டிப் பேச்சு என்று நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ரயில்கள் செய்த சேவையின் சரித்திரத்தில் பெரும் புத்தகங்கள் விட்டுவிட்ட பாகம், இப்படிப்பட்ட தடம் மாறிய பேச்சுகளில்தான் உயிரோடு இருந்து வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதற்குக் காரணமும் உண்டு. 1940-இல் எதிரி வந்து இறங்கினால் திசை தெரியாமல் திகைக்கட்டும் என்று ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளையே கழற்றி வைத்த தேசம் அது. எந்த வண்டி எங்கிருந்து எதை ஏற்றிக்கொண்டு எங்கே போயிற்று என்பதெல்லாம் ராணுவ ரகசியம். ஆகவே பத்திரிகைகளில் வரவில்லை, ரயில்வே ஊழியர்களும் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்திலேதான் இந்த அபிமானத்துக்கு ஒரு கைப்புத்தகமும் பிறந்தது என்பது ஆச்சரியமான விஷயம். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வேயின் அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், எஞ்சின்களின் எண்களையும் பெயர்களையும் கேட்டு ஓயாமல் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்து, அவற்றையெல்லாம் ஒரு சிறு புத்தகமாகத் தொகுக்கலாமே என்று எண்ணினார். மேலதிகாரிகள் அதில் சிரத்தை காட்டாமல் போகவே, 1942-இல் தாமே 2,000 பிரதிகள் அச்சிட்டு, பிரதி ஒரு ஷில்லிங் என்று விற்றார். புத்தகங்கள் வெகு சீக்கிரத்தில் தீர்ந்து போயின. கண்ணால் பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக்கொள்வது சிறுவர்களின் வழக்கமாயிற்று. அந்தப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் தேதியையும் ஊரையும் குறித்து வைத்த பையன், எந்த எஞ்சின் எந்த நாளில் எங்கே நின்றது என்பதற்குத் தானறியாமலே ஒரு சாட்சியம் எழுதி வைத்தவனானான்.

பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்ட சிப்பாய்களை, 1940 மே 27 முதல் ஜூன் 4 வரை, துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டு சேர்க்க 620 ரயில்கள் ஓடின என்று கணக்குச் சொல்லும். ஆனால் கென்ட் பிரதேசத்தில் ஹெட்கார்ன் என்ற சிற்றூர் ஸ்டேஷனில், பசியால் துவண்டு வந்தவர்களுக்குக் கொடுக்கக் கோப்பைகள் போதாமல் காலித் தகர டப்பாக்களில் தேநீர் ஊற்றி நீட்டினார்கள் என்பதையும், வண்டி புறப்படும் சமயம் சிப்பாய்கள் அந்த டப்பாக்களை ஜன்னல் வழியே பிளாட்பாரத்தில் எறிய, அவற்றைப் பொறுக்கிக் கழுவி அடுத்த வண்டிக்குத் தயார் செய்தார்கள் என்பதையும், அங்கே நின்று கழுவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்லக் கேட்க வேண்டும். அந்த டப்பாவின் சத்தத்தைச் சொல்லாத வரையில் 620 என்பது வெறும் எண்தான்.

இவர்கள் அலுக்காமல் திரும்பத் திரும்பப் பேசுகிற எஞ்சின் ஒன்று உண்டு. இரும்பையும் வேலை நேரத்தையும் எவ்வளவு மிச்சப்படுத்தலாமோ அவ்வளவு மிச்சப்படுத்தி, ரிடில்ஸ் என்ற என்ஜினீயர் ராணுவத்துக்காக வகுத்த ‘ஆஸ்டெரிட்டி’ கூட்ஸ் எஞ்சின் அது. அலங்காரம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. 1943 முதல் 1945 வரை 935 எஞ்சின்கள் இந்த மாதிரியில் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றுதான், நார்மண்டிப் படையெடுப்புக்கு நான்கு நாள் முன்பு, 1944 ஜூன் 2-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், வெடிகுண்டுகளும் அவற்றின் உபகரணங்களும் ஏற்றிய 51 வாகன்களை இழுத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் பிரதேசத்துச் சோஹம் என்ற ஊரை நெருங்கியது. எஞ்சினை ஒட்டிய முதல் வாகனில் தீப்பற்றியிருப்பதை டிரைவர் பெஞ்சமின் கிம்பர்ட் திரும்பிப் பார்த்தார். குதித்து ஓடியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவரோ வண்டியை நிதானமாக நிறுத்தி, ஃபயர்மேன் ஜேம்ஸ் நைட்டாலிடம், கொக்கி சூடேறியிருந்தாலும் இருக்கும், கரி உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு வயதே ஆன நைட்டால் இருட்டில் இறங்கி, எரிகிற வாகனுக்குப் பின்னால் போய்க் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு ஏறிக்கொள்ள, அந்த ஒற்றை வாகனை மட்டும் ஊருக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று இருவரும் புறப்பட்டார்கள். ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் அது வெடித்துவிட்டது. நைட்டால் அங்கேயே மாண்டார். சிக்னல்மேன் பிரிட்ஜஸும் படுகாயத்தால் உயிரிழந்தார். கிம்பர்ட் உயிர் தப்பினார். ஸ்டேஷன் தரைமட்டமாயிற்று, நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின. ஆயினும் பின்னால் நின்ற 50 வாகன்களும் வெடிக்காததால் ஊர் பிழைத்தது. டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. அன்று மாலையே தண்டவாளம் செப்பனிடப்பட்டு வண்டிகள் ஓடின.

யுத்தம் முடிந்தபின் இந்த எஞ்சின்களில் 733-ஐ பிரிட்டிஷ் ரயில்வே எடுத்துக்கொண்டு, 90000 முதல் 90732 வரை எண்ணிட்டு, உழைப்பு தீரும் வரை ஓட்டி, ஒன்றுகூட மிச்சமில்லாமல் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டது. ஆனால் ஹாலந்துக்குப் போய், அங்கிருந்து ஸ்வீடனுக்கு விற்கப்பட்டு, ஆபத்துக் காலத்துக்கு உதவும் என்று சேமித்து வைக்கப்பட்டிருந்த ஒன்றை, யார்க்‌ஷயரின் கீத்லி ரயில் அபிமானிகள் தேடிக் கண்டு, 1973-இல் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பல வருஷ உழைப்பில் அதன் பழைய உருவத்தை மீட்டபோது, அதற்கு அவர்கள் இட்ட எண் 90733. அறுந்துபோன வரிசையில் அடுத்த எண். தன் இனத்தில் எஞ்சியிருக்கும் ஒரே எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

எகிப்துக்கு எஞ்சின்களை ஏற்றிச் சென்று, 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்களின் குண்டுக்கு இரையாகிச் செங்கடலில் மூழ்கிய திஸில்கார்ம் கப்பலைப் பற்றியும் இவர்கள் பேசுவார்கள். அந்த எஞ்சின்கள் இன்னும் கடலடியில், கப்பலின் இருபுறமும் கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

இந்தப் பேச்சு கிழக்கே திரும்பி, தாய்லாந்தின் குவாய் நதிப் பாலத்துக்கு வரும்போது, தமிழர்களாகிய நம் நெஞ்சு கனக்கிறது. பர்மாவுக்கும், சயாம் என்று நம்மவர் அழைத்த தாய்லாந்துக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையை 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் போட்டது. நேச நாட்டுக் கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் அதில் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் கல்லறையில் பெயரும் இருக்கின்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டு போகப்பட்ட தமிழர்களும், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களும் அதைவிடப் பன்மடங்கு மாண்டார்கள். காலராவில் போனவர்களைக் குழியில் தள்ளி மூடியதோடு சரி. அந்தப் பாதையில் ஓடிய ஸி56 ரக ஜப்பானிய எஞ்சின்களின் ஜாதகமோ அபிமானிகளுக்கு மனப்பாடம். 31-ஆம் எண் டோக்கியோவில் காட்சிக்கு நிற்கிறது. 44-ஆம் எண் 1979-இல் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பி, ஓய்கவா பாதையில் உல்லாசப் பிரயாணிகளை இழுத்தது. எஞ்சினுக்கு எண் தெரிகிறது. கட்டை சுமந்தவனுக்குப் பெயர் தெரியவில்லை.

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள அவனுக்கு வாய்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் பேச்சு இருந்தது. ‘சயாமுக்குப் போன’ தாத்தாவைப் பற்றி மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றைக்கும் ஏதோ ஒரு சாப்பாட்டு வேளையில், ஏதோ வேறொன்றைப் பேசும்போது, ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. அந்தக் கணத்தில் பேச்சை மாற்றாமல் கேட்க வேண்டியவை பல: எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எத்தனை பேர் ஒரே லாரியில் ஏறினார்கள், எந்த முகாமில் தங்கினார், கூடப் போன உறவினர் யார் யார், அரிசியில் என்ன போட்டுக் கொடுத்தார்கள், திரும்பி வந்தது எந்த வண்டியில்.